முடிச்சில்லாத நூல்

நான் என்ன படிக்கிறேன் என்று கேட்கிறவர்களுக்கு விளக்கம் சொல்வதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். காற்றாலை இறக்கையின் மேல் காற்று எப்படிப் போகிறது என்று பார்க்கிறேன் என்றால், "காத்தப் பார்க்க முடியுமா?" என்பார்கள். முடியாது, அதனால்தான் இத்தனை வருஷம் ஆகிறது என்று சொன்னால் வாய் நீளம் என்று பெயர் வரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். கோபமும் சீக்கிரம் வரும். பாலக்காட்டுக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் என் அத்தா மட்டும் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அசரமாட்டார். "மக காத்துக்கு டாக்டர் ஆகப்போறா" என்று சேலை வாங்க வருகிற எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஆன பிறகு சொல்லக்கூடாதா என்று நான் பல்லைக் கடிப்பேன்.

கல்லூரியில் எங்களுக்கு ஒரு காற்றுச் சுரங்கம் உண்டு. நீளமான ஒரு பெட்டி, ஒரு முனையில் பெரிய விசிறி. திருகைத் திருப்பினால் கேட்ட வேகத்தில் காற்று வரும், நிறுத்தினால் நிற்கும். அதற்குள் ஒரு சின்ன இறக்கையை வைத்துப் பார்ப்பது சுகமான வேலை. ஆனால் எங்கள் ஊர்க் காற்று அப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கிற காற்று அல்ல. ஆனி பிறந்ததும் மேற்கேயிருந்து கணவாய்க்குள் நுழைந்து, கொடியில் காயும் துணியை அடுத்த தெருவுக்கு அனுப்பும், குடையை மல்லாத்தும், சற்று நேரம் ஒன்றும் தெரியாததுபோல் நின்றுவிட்டு மறுபடி பிடறியில் அடிக்கும். உண்மையான காற்றாலை சுற்றுவது இந்தக் காற்றில்தான். ஆகவே வெட்டவெளியில், ஓடுகிற இயந்திரத்தில்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பிடிவாதம் சரி, காற்றாடி யார் தருவார்கள் என்று என் வழிகாட்டியான டீச்சர் மலையாளத்தில் கேட்டார்.

யாரும் தரவில்லை. பெரிய காற்றாலைகள் நிற்கும் ஒரு இடத்தின் வாசலில் போய் நின்று, உங்கள் இறக்கையில் நூல் ஒட்டிப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். காவலாளி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் உள்ளேயிருந்த இன்னொருவரைக் கூப்பிட்டு, அவருக்காக மறுபடியும் சொல்லவைத்தார். இருவரும் வயிறு குலுங்கச் சிரித்ததுதான் மிச்சம்.

நூல் ஒட்டுவது சிரிக்கிற விஷயமே இல்லை. காற்று கண்ணுக்குத் தெரியாது, நூல் தெரியும். இறக்கையின் பின்பக்கத்தில், அதாவது காற்றுக்கு முதுகு காட்டும் பக்கத்தில், விரல் நீள நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டிவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை ஒட்டியிருக்கும், மறுமுனை சும்மா விட்டிருக்கும். காற்று இறக்கையைத் தழுவிக்கொண்டு போனால் நூல் படிந்து கிடக்கும். காற்று இறக்கையை விட்டுப் பிய்த்துக்கொண்டால் அந்த இடத்து நூல் எழுந்து துடிக்கும், சில சமயம் திரும்பி எதிர்ப்பக்கம் பார்க்கும். வேகமாகப் படம் பிடிக்கும் காமிராவைப் பின்னால் வைத்து எடுத்துவிட்டால், காற்று எங்கே ஒட்டுகிறது, எங்கே விடுகிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். இதைச் சொன்னபோது பெரியம்மா, "இம்புட்டுத்தானா? இதுக்கா மூணு வருஷம்?" என்று கேட்டார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

காற்றாடி கிடைத்தது அத்தாவின் பெருமையடிப்பால்தான். மீனாட்சிபுரத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் வருஷா வருஷம் எங்கள் கடையில்தான் துணி எடுப்பார். அத்தா வழக்கம்போல் காத்துக்கு டாக்டர் என்று ஆரம்பித்தபோது, "ஏனுங்க, நம்மூட்டுத் தோட்டத்துல ஒரு காத்தாடி சும்மா சுத்தீட்டுக் கெடக்குதுங்களே, அது ஆகுமுங்களா?" என்று அவர் கேட்டிருக்கிறார். அத்தா உடனே எனக்குப் போன் செய்தார். அன்று முதல் அவர் கடையில் என்ன சொன்னாலும் நான் பல்லைக் கடிப்பதில்லை.

அது சின்னக் காற்றாடி. தென்னையைவிட உயரமில்லாத இரும்புக் கம்பம், அதன் தலையில் மூன்று வெள்ளை இறக்கைகள், பின்னால் ஒரு வால். கம்பத்தின் அடியில் கீல் இருந்தது. டிராக்டரில் கம்பிவடம் கட்டி மெதுவாக விட்டால் முழுக் கம்பமும் படுத்துக்கொள்ளும், இழுத்தால் எழுந்து நிற்கும். அதில் வரும் மின்சாரம் மாடுகளுக்குச் சோளத்தட்டு வெட்டும் இயந்திரத்துக்கும் மாட்டுக் கொட்டகை விளக்குகளுக்கும் போயிற்று. எனக்கு அதைப் பார்த்ததும் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பண்ணைக்கார அண்ணனுக்கும் அதன்மேல் அப்படியொரு ஆசை. ஆகாதவர் ஒருவர்தான் இருந்தார், அவருடைய மனைவி.

அந்த அக்கா ஆகாதென்று சொன்னதில் நியாயம் இருந்தது. காற்று வலுக்கும்போதெல்லாம் அந்தக் காற்றாடி 'தொப்… தொப்… தொப்' என்று அடிக்கும். வலுத்த காற்று வருவதோ மாலைக் கறவை நேரத்தில். கொட்டகையில் நன்றாகக் கறக்கிற செவலை மாட்டுக்கு அந்தச் சத்தம் கேட்டால் போதும், பாலை அடக்கிக்கொள்ளும்.

"நீயே சொல்லு கண்ணு. மடியில கைய வெக்கறேன், அங்க தொப்புங்குது. இது கால ஒதறுது. சொசைட்டிக்குப் பாலெடுத்துட்டுப் போற நேரத்துல நா அதுகூட மல்லுக்கட்டீட்டு நிக்கோணும்" என்றார் அக்கா. பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "ஆடிக் காத்து முடியட்டும்னு பொறுத்துட்டிருக்கறேன். ஆவணி பொறந்தா அந்தக் கம்பம் இங்க இருக்கக்கூடாது. சொல்லிப்போட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் காற்றாடியைப் பார்த்தேன். வேறு யாரும் எனக்கு ஒரு இறக்கையைத் தரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். இது போனால் என் படிப்பு மறுபடி அந்தப் பெட்டிக்குள் போய்விடும்.

"அக்கா, அந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சா நிறுத்திடலாங்க" என்றேன். வாய் நீளம் என்று முன்னமே சொன்னேன் அல்லவா? கண்டுபிடிப்பேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் அப்படிச் சத்தம் வருவது காற்று எங்கோ இறக்கையை விட்டுப் பிய்த்துக்கொள்வதால் இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் இருந்தது.

"ஆவணி வரைக்குந்தான்" என்றார் அக்கா.

நூலுக்கு நான் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. அத்தா கடையில் நூல் மட்டும் ஒரு அலமாரி. வெள்ளை இறக்கைக்குக் கறுப்பு நூல் போதும் என்றேன். அத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. மூன்று இறக்கைக்கும் ஒரே நிறமென்றால் படத்தில் எதுவென்று எப்படித் தெரியும், ஒன்றுக்கு அரக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பாட்டில் பச்சை, ஒன்றுக்குக் கறுப்பு என்று எடுத்து மேஜைமேல் வைத்தார். நல்ல யோசனை. ஆனால் வாடிக்கையாளரிடம் காட்டுவதுபோல் நூலை விரித்து, "சாயம் போகாது, கியாரண்டி" என்று என்னிடமே சொன்னதுதான் தாங்கவில்லை.

ஒரே நீளத்தில் வெட்டி, ஒவ்வொரு துண்டின் ஒரு முனையையும் சின்ன டேப்பில் ஒட்டித் தரும்படி வீட்டில் கொடுத்துவிட்டு, காமிரா வாங்கக் கல்லூரிக்குப் போனேன். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நூல் புதிதல்ல. கடையில் சேலை எடுக்கிறவர்களுக்கு முந்தானையில் குஞ்சம் கட்டித் தருவது வழக்கம். அம்மா, பெரியம்மா, அண்ணி மூவரும் டிவி பார்த்தபடி, குனிந்துகூடப் பார்க்காமல் கட்டித் தள்ளுவார்கள். நூல் முனை ஒன்று பிரிந்து தொங்குவதைப் பார்த்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் கை சும்மா இருக்காது. ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் துப்பட்டா நூலுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு, அதன்பிறகுதான் அம்மா அவளிடம் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார்.

நான் திரும்பி வந்தபோது மூன்று இனிப்புப் பெட்டிகளில் நிறவாரியாக நூல்கள் அடுக்கியிருந்தன. அவ்வளவு சுத்தமான வேலை. பார்த்து மனம் குளிர்ந்துபோய்ப் பெரியம்மாவை மன்னித்துவிட்டேன்.

மீனாட்சிபுரத்தில் அண்ணன் டிராக்டரை ஓட்ட, கம்பம் முனகிக்கொண்டே படுத்தது. முதல் வேலையாக மூன்று இறக்கைகளின் கோணத்தையும் அளந்து பார்த்தேன். மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன, தரையில் ஒரு குறையும் தெரியவில்லை. முக்காட்டை இறுக்கிப் பின் குத்திக்கொண்டு, காற்று கையிலிருந்து பிடுங்கப் பிடுங்க, ஒவ்வொரு நூலாக ஒட்டினேன். தீவனம் போட வந்த அக்கா சற்று நேரம் நின்று பார்த்தார்.

"மந்திரிச்சதுங்களா கண்ணு?"

"இல்லீங்கக்கா. எங்க கடை நூலு."

"மந்திரிச்சிருந்தாக்கூடத் தேவலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்பம் எழுந்தது. காற்றாடிக்குக் கிழக்கே இருந்த கொட்டகையின் மொட்டைமாடியில் காமிராவை நிறுத்தி, காற்று ஏறும்போதும் இறங்கும்போதும் எடுத்துத் தள்ளினேன். தொப் தொப்பென்று சத்தமும் பதிவாயிற்று. கீழே செவலை உதைத்து ஒரு வாளி உருண்டதும் பதிவாயிற்று.

கல்லூரியில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தபோது எல்லா நூல்களும் பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்கிற பிள்ளைகள்போல் விறைப்பாக, இறக்கையின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றன. காற்று வலுத்தபோதும் அப்படியே. காற்று செத்தபோதும் அப்படியே. சிவப்பு, பச்சை, கறுப்பு எல்லாம் ஒரே ஒழுக்கம். டீச்சர் படத்தை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு, இந்த நூல்கள் காற்றைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை, சுற்றுகிற வேகத்தில் வெளியே வீசப்பட்டு நிற்கின்றன, இறக்கை சுற்றுகிறது என்பதை மட்டும்தான் சொல்கின்றன என்றார். அது செவலை மாட்டுக்கே தெரியும் டீச்சர் என்று சொல்ல வந்ததை விழுங்கினேன். இவ்வளவு மெல்லிய நூல் ஏன் இப்படி வீசப்பட வேண்டும் என்பது இருவருக்கும் பிடிபடவில்லை. ஆடி பாதி போயிருந்தது.

வீட்டிலோ எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் கை நூல் வானத்தில் சுற்றுவதைப் பார்க்காமல் விடமாட்டார்கள். டிவியில் போட்டுவிட்டு ஓரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, இத்தன காத்துலயும் ஒரு முனைகூடப் பிரியல. முடிச்சு யாரு போட்டது?"

"நாந்தான்" என்றார் அம்மா. "சிவப்பு முழுக்க நான். பச்சை பெரியம்மா."

"கறுப்பு நான் மாமா" என்றார் அண்ணி.

நான் பாய்ந்து போய் மிச்சமிருந்த பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு நூலின் சும்மா விட்ட முனையிலும், கடுகுக்கும் சின்னதாக, அழகான ஒரு முடிச்சு. அந்த முடிச்சுதான் நூலின் முனையில் கனமாக உட்கார்ந்து, கவண்கல்போல் இழுத்துக்கொண்டு, காற்று என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் நின்றிருக்கிறது. ஒரு முடிச்சை வெட்டியெறிந்துவிட்டு இரண்டு நூல்களையும் மேஜை விசிறிக்கு முன்னால் பிடித்தேன். முடிச்சில்லாதது புழுப்போல் நெளிந்தது. முடிச்சுப் போட்டது சோம்பேறித்தனமாக ஆடிற்று.

அன்று நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். யாராவது முடிச்சுப் போடச் சொன்னேனா, வெட்டத்தானே சொன்னேன், மூன்று வருஷப் படிப்பு, ஆவணியில் கம்பமே போகப்போகிறது என்று ஆடித் தீர்த்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒவ்வொண்ணா நீதானே ஒட்டுனே? உன் கண்ணு எங்க போச்சு?" என்றார்.

நான் பார்த்துத்தான் இருந்தேன். ஒவ்வொரு முடிச்சையும் பார்த்தேன். பார்த்து, நன்றாயிருக்கிறது என்றுதான் நினைத்தேன். முடிச்சுப் போட்ட நூல்தான் எனக்கும் நூல். நானும் அந்த வீட்டுப் பெண்தானே. முதலில் அண்ணிக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எனக்கு. அத்தா மட்டும் சிரிக்கவில்லை. தன் கடை நூலைப் பிரியவிட்டு அனுப்புவதா என்று அவருக்குப் பெரிய மனவருத்தம்.

"கடைப் பேரு இறக்கையில எழுதலத்தா" என்றேன்.

"எழுதாட்டியும் நமக்குத் தெரியும்ல" என்றார்.

மறுபடி வெட்டும் வேலையை நான் நேரில் உட்கார்ந்து நடத்தினேன். இன்னும் மெல்லிய நூல், முனையில் ஒன்றும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பெரியம்மாவின் விரல்கள் தன்னால் முடிச்சுப் போட்டுவிடும். பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டிப் போடுவார். கடைசியில் ஒரு கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு மறுகையால் மட்டும் வேலை செய்தார். அத்தா ஒவ்வொரு நூலையும் வெளிச்சத்தில் பிடித்து, முடிச்சு இல்லை என்று உறுதி செய்து பெட்டியில் போட்டார். அப்போது அவர் முகம் மருந்து குடிக்கிறவர் முகம்போல் இருந்தது.

அக்காவிடம் போய்க் கேட்பதுதான் பாக்கி. கம்பத்தை இன்னொரு தடவை சாய்க்க வேண்டும் என்றதும் அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"சாய்ங்க. சாஞ்சது சாஞ்சதாவே கெடக்கட்டும். எடுத்துட்டுப் போறவிங்களுக்கும் சோலி மிச்சம்."

"இன்னொரு தடவை தூக்கிக்கிறேங்கக்கா. ஒரே தடவை."

அண்ணன் தலையைச் சொறிந்தார், என்பக்கம் ஒரு வார்த்தை பேச அவருக்குத் தைரியம் வரவில்லை. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் கண் கலங்கியிருக்க வேண்டும், எனக்கு அது எப்போதும் கோபத்துக்கும் வரும், பயத்துக்கும் வரும். "ஒருக்காத்தான்" என்றார் அவர். "அப்பறமும் தொப்புன்னுச்சுன்னா, அண்ணனும் தங்கச்சியுமாச் சேந்து தூக்கீட்டுப் போயிருங்க."

இந்தத் தடவை அத்தாவும் கூட வந்தார். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக மொட்டைமாடியில் ஏறி, காமிரா ஆடாமலிருக்க முக்காலியின் காலை ஒரு கையாலும் தொப்பியை மறுகையாலும் பிடித்துக்கொண்டார். மதியத்துக்கு மேல் காற்று எழுந்தது. காமிராவின் சின்னத் திரையில், எடுத்ததை மெதுவாக ஓடவிட்டேன்.

நூல்களுக்கு உயிர் வந்திருந்தது. பச்சை நூல்கள் காற்றோடு சாய்ந்து, இறக்கையோடு படிந்து, லேசாக நடுங்கிக்கொண்டு கிடந்தன. கறுப்பும் அப்படியே. அதுவரை நான் புத்தகத்தில் கோடுகளாகப் பார்த்ததெல்லாம் கண்ணெதிரே ஓடிற்று. காற்று கொஞ்சம் குறைந்தால் நூல்கள் ஒரு பக்கம் ஒதுங்கின, கூடினால் இறக்கையோடு ஒட்டிக்கொண்டன. பிறகு ஒரு பலத்த வீச்சு வந்தது. சிவப்பு நூல்கள், இறக்கை நடு அச்சோடு சேரும் அடிப்பகுதியிலிருந்து பாதி வரைக்கும், எல்லாம் ஒன்றாக எழுந்தன. நிமிர்ந்தன, துடித்தன, திரும்பிப் பார்த்தன. அதே நேரத்தில் 'தொப்'.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை. சிவப்பு மட்டும். நான் கத்திய கத்தலில் அத்தா முக்காலியை விட்டுவிட்டு, "என்னாச்சு, கொட்டிடுச்சா?" என்று என் கையைப் பிடித்துப் பார்த்தார். தேள் என்று நினைத்துவிட்டார். "காத்துத்தா, காத்து!" என்று சொன்னேன். காற்றைப் பார்த்துவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

சந்தோஷம் படியிறங்கும்வரைதான். சிவப்பு இறக்கையில் என்ன கோளாறு என்று பார்க்கக் கம்பத்தைச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் மறுபடி தூக்க வேண்டும். ஒருக்காத்தான் என்றவரிடம் எந்த முகத்தோடு கேட்பது? அண்ணன் நைசாக டிராக்டர் பக்கம் நழுவினார். நான் காமிராவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அக்கா செவலையின் காலைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதப் பாருங்க. பச்சையப் பாருங்க. கறுப்பப் பாருங்க. இப்ப செவப்பப் பாருங்க."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் குனிந்தார். மெதுவாக ஓடவிட்டேன். சிவப்பு நூல்கள் எழுந்தபோது வெளியே நிஜக் காற்றாடியும் தொப்பென்றது, செவலை உதறிற்று. அவர் அதை மறுபடி போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை.

"அப்ப மத்த ரெண்டும் ஒண்ணும் பண்ணலீங்களா?"

"ஒண்ணும் பண்ணலீங்க. அதுங்க பாட்டுக்கு சுத்துதுங்க. இது மட்டும் காத்து அழுத்தறப்பத் திரும்பிக்குதுன்னு நினைக்கிறேன்."

மூன்றையும் சேர்த்துத் திட்டியது அவருக்கு ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். "சாய்ச்சுப் பாருங்க" என்றார். "ஆனா பொசுக்குன்னு முடிச்சிரோணும். இதே சாக்கா வெச்சு அவரு அதையே கட்டீட்டு அழுதுட்டிருப்பாரு."

படுத்துக் கிடந்த கம்பத்தில் சிவப்பு இறக்கையைப் பிடித்து அண்ணனும் நானும் இரண்டு பக்கமும் நின்று முழு பலத்தோடு முறுக்கினோம். கொஞ்சம் திரும்பிற்று. விட்டால் பழைய இடத்துக்கே வந்து நின்றது. நட்டுகளைக் கழற்றினால், அடியில் பிடிப்பாக வைத்த ரப்பர் வெயிலிலும் மழையிலும் மக்கி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. சும்மா கிடக்கும்போது கோணம் சரியாக இருக்கும், காற்று அழுத்தினால்தான் இறக்கை நழுவித் திரும்பும். அதனால்தான் தரையில் அளந்தபோது எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இந்த மாதிரிக் கோளாறு எந்தப் பெட்டிக்குள்ளும் வராது என்று டீச்சரிடம் போனில் சொன்னபோது, இதையே ஆய்வேட்டின் முதல் வரியாக எழுது என்றார். புதிய பிடிப்பைக் கல்லூரிப் பட்டறையில் செய்து வாங்கிக்கொண்டு போய், மூன்று இறக்கைக்குமே மாற்றினோம்.

கம்பம் எழுந்த அன்று காற்றே இல்லை. இறக்கைகள் சோம்பலாகச் சுற்றின. அத்தா கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார், அவர் கடையைச் சாத்துவது வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மட்டும்தான். அண்ணன் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாலை வந்தது. அக்கா வாளியோடு எங்களைக் கடந்து கொட்டகைக்குள் போனார்.

பிறகு மேற்கே தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. காற்று வந்தது, வாயைத் திறந்தால் மண் விழுகிற காற்று. காற்றாடி ஓட்டமெடுத்தது. இறக்கைகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரு வெள்ளை வட்டமாயின, அதில் சிவப்பு எது, பச்சை எது என்று தெரியவில்லை. நாங்கள் மூவரும் காது கொடுத்துக் காத்திருந்தோம். காற்றின் ஓசை இருந்தது. ஓலைகளின் சலசலப்பு இருந்தது. கொட்டகைக்குள் வாளியில் பால் விழும் ஓசை, விட்டுவிட்டு அல்ல, ஒரே சீராக வந்துகொண்டே இருந்தது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

வெகுநேரம் கழித்து அக்கா வெளியே வந்தார். இரண்டு கையாலும் பிடித்திருந்த வாளியில் நுரை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அவர் முகம் வாடிப்போயிற்று.

"ஏனுங்க," என்றார் கணவரிடம், மெல்ல, துக்கம் விசாரிப்பதுபோல. "காத்தாடி நின்னு போச்சுங்களா?"

அத்தா கையை நீட்டி மேலே காட்டினார்.